ஒரே மூச்சில் ஒரு கேள்வி

மூன்றாவது முறையும் பாதியில் மூச்சு வாங்கிவிட்டது. முருகானந்தம் தாளை மேசைமேல் வைத்து இரண்டு சொற்களை அடித்தார். எழுந்து நின்று, எதிரே யாரோ பெரிய மனிதர் உட்கார்ந்திருப்பதுபோல் லேசாகத் தலை தாழ்த்தி, மறுபடியும் ஹிந்தியில் வாசித்தார். இந்த முறை கடைசிச் சொல் வரை மூச்சு தாங்கியது. சமையற்கட்டிலிருந்து அவர் மனைவி அமிர்தவல்லி, "இப்ப சரிங்க. இதுக்கு மேல வெட்டுனா ஒண்ணும் மிஞ்சாது" என்றார்.

"கேள்வி நீளமா இருந்தா, பதில் சொல்றவரு தனக்குப் புடிச்ச துண்ட மட்டும் எடுத்துப் பேசுவாரு. மிச்சத்த விட்டுருவாரு தானே" என்று எனக்கு விளக்கினார் முருகானந்தம். "அபு யாகூப் சொல்லித் தந்தது."

போர்ட் பிளேரிலிருந்து கப்பலில் போக வேண்டிய ஒரு தீவில், ஹட் பே ஜெட்டிக்கும் உள்கிராமங்களுக்கும் இடையே முருகானந்தம் வாடகை ஜீப் ஓட்டுகிறார். ஐம்பத்திரண்டு வயது. பஞ்சாயத்தில் வார்டு மெம்பர். சேறு தெறிக்கும் அந்தச் சாலையில் தேய்த்த வெள்ளை முழுக்கைச் சட்டையுடன் ஜீப் ஓட்டுகிறவர் அவர் ஒருவர்தான். வண்டியில் ஏறுகிறவர்கள் தண்ணீர் வரவில்லை, விளக்கு எரியவில்லை என்று அலுத்துக்கொண்டால் அனுதாபப்பட மாட்டார். "யாருக்கு எழுதிக் குடுத்தீங்க? என்னா தேதி?" என்பார். தேதி சொல்லத் தெரியாதவர்கள் இறங்கும்வரை வாயைத் திறப்பதில்லை. பாதிப்பேர் இதற்காகவே வேறு ஜீப்புக்குக் காத்திருப்பதாக அமிர்தவல்லி சொல்கிறார்.

அவர் அப்பா இலங்கைத் தேயிலை மலையிலிருந்து திரும்பி வந்து, இங்கே பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் வேலைக்கு அமர்த்தப்பட்டவர். தோட்டம் நொடித்தபோது மகன் டிரைவர் விசாவில் ஓமானுக்குப் போனார். மலையடிவாரத்து ஊர் ஒன்றில், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்கு வண்டி ஓட்டும் வேலை. ஊரார் அவரை அபு யாகூப் என்று அழைத்தார்கள். முருகானந்தம் போய் இரண்டு வருடத்தில் அவர் தேர்தலில் நின்று மஜ்லிஸ் ஷூரா என்ற ஆலோசனை மன்றத்துக்கு உறுப்பினரானார். அதன்பின் எட்டு வருடம், முருகானந்தம் தலைநகருக்கும் ஊருக்கும் இடையே அந்த மன்றத்தின் மெம்பரை ஓட்டிக்கொண்டு போய் வந்தார்.

ஊரில் இருக்கும் நாட்களில் மெம்பர் வீட்டுக் கூடத்தில் கம்பளம் விரித்திருக்கும். யார் வேண்டுமானாலும் வரலாம். பேரீச்சம்பழத் தட்டு சுற்றி வரும். கஹ்வா என்ற அரபுக் காப்பியை ஊற்றுவது முருகானந்தத்தின் வேலை. சிறிய கோப்பையை லேசாக ஆட்டினால் போதும் என்று பொருள். ஆட்டாதவரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வந்தவர்கள் கிணறு, பள்ளிக்கூட பஸ், மகனுக்கு வேலை என்று எதையெல்லாமோ கேட்டார்கள். அத்தனையையும் கேட்டபடி நின்றுதான் அவர் அரபி கற்றுக்கொண்டார்.

"அவரு கையில ஒண்ணுமே இல்ல சார்" என்றார். "ராஜா ஆளுற நாடு. மெம்பருங்க யோசனை சொல்லலாம், சட்டத்தப் பத்திப் பேசலாம், மந்திரிய வரவழைச்சுக் கேக்கலாம். உத்தரவு போட முடியாது. வந்தவங்ககிட்டயும் அத மறைக்காமச் சொல்லிருவாரு. 'என்கிட்ட வாய்தான் இருக்கு, கை இல்ல'ன்னு."

அந்த ஊருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே ஒரு காட்டாறு. வருடம் முழுக்கக் காய்ந்து கிடக்கும். மழை வந்தால் ஒரு மணி நேரத்தில் லாரியைப் புரட்டும். பெண்பிள்ளைகளின் பஸ் ஒருமுறை நடு ஆற்றில் நின்றுவிட்டது. கயிறு கட்டிப் பிள்ளைகளை இறக்கியவர்களில் முருகானந்தமும் ஒருவர். பாலம் வேண்டும் என்று அபு யாகூப் மன்றத்தில் நான்கு முறை கேட்டார். நான்காவது முறை எழுத்தில் பதில் வந்தது: அந்தப் பாதையில் போதுமான வாகனங்கள் ஓடவில்லை.

"நான் நொந்து போயிட்டேன். அவரு சிரிக்கிறாரு. 'காரணம் சொல்லிட்டாங்க, இனி காரணத்தப் போய்ப் பாப்போம்'னாரு. மறுநாள் ஆத்துக்கு இந்தப் பக்கம் அவரு, அந்தப் பக்கம் நான். மூணு நாளு வெயில்ல உக்காந்து வண்டி எண்ணுனோம். ஒரு மெம்பரு சார்! ஒட்டகம் ஏத்திப் போற பிக்கப்பக்கூட விடல."

கணக்கு மன்றத்துக்குப் போவதற்குள் தேர்தல் வந்தது. அபு யாகூப் சொற்ப ஓட்டில் தோற்றார். காலையில் முருகானந்தம் காருக்குள் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தபோது, கிழவர் வண்டிக் கணக்குக் கோப்புடன் வந்து பின்கதவைத் திறந்தார். வண்டியை ஜெயித்தவர் வீட்டுக்கு விடச் சொன்னார். "அவன் காப்பி குடிக்கிற நேரத்துக்குப் போயிடணும்" என்றாராம். அந்த வீட்டில் கணக்குத் தாள்களை விரித்து, எதை முதலில் கேட்க வேண்டும் என்று புதியவருக்கு ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தார். பாலம் பிறகு வந்தது. முருகானந்தம் அதற்குள் ஹட் பே திரும்பிவிட்டார். போனுக்குப் படம் வந்தது. பாலத்தில் யார் பெயரும் இல்லை. "எனக்குத்தான் கோவம் வந்துச்சு. போன் போட்டேன். 'பஸ் போவுது, பாத்தியா?'ன்னு மட்டும் கேட்டாரு."

இங்கே அவர் மெம்பர் ஆனது மரகதம் அக்காவால். பக்கத்து வீட்டுக்காரர். மழைக்காலத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. போர்ட் பிளேருக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். மேகமூட்டத்தில் ஹெலிகாப்டர் எழும்பவில்லை. கப்பல்தான் வழி. ஜெட்டிக்கும் கப்பலுக்கும் நடுவே போட்டிருந்த நடைபலகை ஓர் ஆள் அகலம். ஸ்ட்ரெச்சர் நுழையாது. அக்காவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துக் கயிற்றால் கட்டி, முன்னால் ஒருவரும் பின்னால் முருகானந்தமுமாகத் தூக்கினார்கள். பாதிப் பலகையில் அலை கப்பலை உயர்த்த, நாற்காலி கடல் பக்கம் சாய்ந்தது. அக்கா கையைப் பின்னால் வீசி, முருகானந்தத்தின் சட்டைக் காலரைப் பிடித்தார். பொத்தான்கள் தெறித்தன. அவர் முழங்காலில் விழுந்து நாற்காலியைத் தாங்கினார்.

"மூட்டையக் கூட அப்புடி ஏத்த மாட்டாங்க தம்பி" என்றார் மரகதம் அக்கா. இப்போது கோல் ஊன்றி நடக்கிறார். "செத்தாலும் பரவால்ல, தண்ணியில விழுந்து சாகக் கூடாதுன்னு நெனச்சேன்."

அடுத்த பஞ்சாயத்துத் தேர்தலில் முருகானந்தம் நின்றார், ஜெயித்தார். தீவுகளுக்குச் சட்டசபை கிடையாது. அதிகாரிகளும் பஞ்சாயத்துக்காரர்களும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும் ஆலோசனைக் கூட்டம் ஒன்றில் வார்டு மெம்பர்களும் பேசலாம். முடிவு அதிகாரிகளுடையது. "எனக்கு இது புதுசே இல்ல தானே?" என்று சிரித்தார். "அங்க 'பூக்ரா'ம்பாங்க, நாளைக்கின்னு அர்த்தம். இங்க 'தேக்கேங்கே'. பாப்போம். ரெண்டும் ஒரே ஊரு."

ஸ்ட்ரெச்சர் போகும் அகலத்தில் நடைபலகை வேண்டும். முதல் கூட்டத்தில், பார்ப்போம். இரண்டாவதில், மெயின்லேண்டிலிருந்து வர வேண்டும். மூன்றாவதில் அதிகாரி மாறிவிட்டார். நான்காவதில் சக மெம்பர் ஒருவரே எரிச்சலானார்: "அரே முருகா, ஷேக்கு வீட்டுல காப்பி ஊத்துனவன் எங்களுக்குப் பாடம் எடுக்குறியா?"

சுற்றிலும் சிரிப்பு. முருகானந்தத்துக்கு உட்கார்ந்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியதாம். ஆனால் உட்காரவில்லை. "ஊத்துனேன்பா. எட்டு வருஷம் ஊத்துனேன்" என்றார். பிறகு தலைமை வகித்த அதிகாரியிடம் திரும்பி ஹிந்தியில் சொன்னார்: "சாப், முடியும்னு எழுதுங்க, இல்ல முடியாதுன்னு எழுதுங்க. முடியாதுன்னா ஏன்னும் எழுதுங்க. எதுவானாலும் மினிட்ஸ்ல இருக்கட்டும்." எழுத்தர் அதிகாரியின் முகத்தைப் பார்த்தார். அதிகாரி, எழுதும்படி தலையசைத்தார்.

ஐந்தாவது கூட்டத்தில் பதில் வந்தது. முடியாது. கப்பலின் பக்கவாசல் அகலம் போதாது.

அன்று வீட்டுக்கு வந்தவர் லட்டு வாங்கி வந்ததாக அமிர்தவல்லி சொன்னார். "முடியாதுன்னு எழுதிக் குடுத்ததுக்கு லட்டு வாங்குன மனுசன நீங்க பாத்துருக்கீங்களா?"

மறுநாள் கப்பல் வந்ததும், தச்சரிடம் வாங்கிய டேப்புடன் ஏறினார். கப்பலில் வேலை செய்யும் மலையாளி ஒருவர் டேப்பின் மறுமுனையைப் பிடித்தார். ஸ்ட்ரெச்சரை நுழைத்தால் இரண்டு பக்கமும் ஒரு சாண் மிச்சம். பழைய கப்பலின் அளவை வைத்துப் பதில் எழுதியிருக்கிறார்கள். அது நின்று போய் இரண்டு வருடமாகிறது. வேண்டுமென்று செய்ததல்ல, யாரும் போய்ப் பார்க்கவில்லை, அவ்வளவுதான் என்கிறார் முருகானந்தம். அந்த அளவைத்தான் நான் போயிருந்த காலையில் ஒரே மூச்சுக்குள் அடக்கிக்கொண்டிருந்தார்.

ஆறாவது கூட்டத்துக்கு நானும் போனேன். கடைசி வரிசையில் இடம் கிடைத்தது. அவர் முறை வந்ததும் எழுந்தார், தலை தாழ்த்தினார், வாசலின் அளவைச் சொன்னார், ஸ்ட்ரெச்சரின் அளவைச் சொன்னார், பலகை எப்போது வரும் என்று கேட்டார், உட்கார்ந்தார்.  நான்காவது கூட்டத்தில் எரிச்சலான அந்தச் சக மெம்பர் மெல்ல மேசையைத் தட்டினார். அதிகாரி பழைய பதிலை எடுத்து இரண்டு முறை படித்தார். "அளந்தது யார்?" என்றார். "நான்தான் சாப். நீங்களும் அளக்கலாம். கப்பல் மதியம் வரை ஜெட்டியிலதான் நிக்கும்."

அதிகாரி போனார். அளந்தார்.

பலகை வந்து சேர ஐந்து மாதமானது. அலுமினியம், இரண்டு பக்கமும் கைப்பிடி, நான்கு பேர் தூக்கிக்கொண்டு நடக்கும் அகலம். போர்ட் பிளேரில் இருந்த நான் செய்தி கேட்டு அதே கப்பலில் போய் இறங்கினேன். ஜெட்டியில் பெரிய கூட்டமில்லை. அதிகாரி வந்திருந்தார், மரகதம் அக்கா கோலுடன் நின்றிருந்தார். சோதித்துப் பார்க்க ஸ்ட்ரெச்சரில் எதை வைப்பது என்று பேச்சு. அரிசி மூட்டை போதும் என்றார் ஒருவர்.

"மூட்டைக்கு என்னா தெரியும்?" என்றார் முருகானந்தம்.

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். தேய்த்த வெள்ளைச் சட்டையோடு ஸ்ட்ரெச்சரில் மல்லாந்து படுத்து, மார்பின் குறுக்கே பட்டையைத் தானே மாட்டிக்கொண்டார். நான்கு பேர் தூக்கினார்கள். பலகையின் நடுவில் அலை கப்பலை ஒருமுறை உயர்த்தி இறக்கியது. தூக்கியவர்கள் அவர் முகத்தைப் பார்த்து நின்றார்கள். அவர் வானத்தைப் பார்த்தபடியே, பட்டைக்குள்ளிருந்து ஒரு கையை உருவி, போங்கள் என்று விரல்களை அசைத்தார்.