சுவரில் இருந்த எண்

சிங்கப்பூரிலிருந்து பாலத்தைத் தாண்டி மலேசியாவின் ஜொகூருக்குப் போவதை வெளிநாட்டுப் பயணம் என்று சொன்னால் என் கணவருக்குச் சிரிப்பு வரும். "காய்கறி வாங்கப் போற ஊரெல்லாம் உனக்கு வெளிநாடா?" என்பார். மகளின் பள்ளிப் படிவத்தில் 'வெளிநாட்டுத் தொண்டூழியம்' என்றுதான் நான் நிரப்பினேன். ஜூன் விடுமுறையில் ஐந்து நாள், லாயாங் லாயாங் பக்கம் ஒரு முதியோர் இல்லம், நாங்கள் மூன்று பேர். சமையலுக்கு ஒத்தாசை, துணி துவைப்பது, அறைகளுக்குச் சாயம் அடிப்பது.

அழுக்குச் சுவரைக் கண்டால் எனக்கு ஆகாது. கடைசி நாள் பெண்கள் அறை மட்டும் மிச்சம் இருந்தது. சாயம் அடிப்பதற்கு முன்னும் பின்னும் படம் வேண்டும் என்று மகள் காலையிலேயே என்னைச் சுவரோரம் நிறுத்திப் படம் எடுத்துவிட்டாள். மூன்று மணிக்குள் கிளம்பினால்தான் பாலத்து நெரிசலில் மாட்டாமல் வீடு சேரலாம் என்று எல்லாரையும் விரட்டிக்கொண்டிருந்தேன்.

ஜன்னலோரக் கட்டிலுக்குப் பக்கத்தில், படுத்தால் கைக்கு எட்டும் உயரத்தில், பென்சிலால் ஒரு தொலைபேசி எண் எழுதியிருந்தது. பெயர் இல்லை. அதை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. கேட்கலாமா என்று ஒரு நொடி தோன்றியது. எல்லாரும் கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், எனக்கோ அவசரம். பென்சில் கோடு வெள்ளைக்கு மேலே காட்டிக்கொடுக்குமே என்று உப்புத்தாளால் அழுத்தித் தேய்த்தேன். பிறகு இரண்டு பூச்சு.

அந்தக் கட்டிலுக்குரிய அம்மா சாப்பிட்டுவிட்டு வந்தார். நாற்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். ஐந்து நாளும் என்னோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்தவர். நேராகப் போய் ஈரச் சுவரில் கை வைத்தார்.

"இங்க ஒரு நம்பர் இருந்துச்சேம்மா. அத எங்க எழுதி வச்சீங்க?"

அழித்திருப்பேன் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. படித்தவள், எடுத்து எழுதியிருப்பேன் என்று நம்பினார்.

"எழுதலம்மா," என்றேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். வெள்ளை அப்பிய கையோடு கட்டிலில் உட்கார்ந்தார். "என் மவன் நம்பரும்மா. எனக்குப் படிக்கத் தெரியாது. நான் செத்தா கொள்ளி வைக்க அவனக் கூப்பிடணும்ல? இங்க பாத்து அடிப்பாங்கன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்."

இல்லத்தை நடத்தும் பெண் ஓடி வந்தார். "அலமாக், ஐயோ! ஃபைல்ல இருக்கிறது பழைய நம்பர்க்கா, அது வேல செய்யல. போன தீபாவளிக்கு வந்தப்ப புது நம்பர்னு அவரே செவுத்துல எழுதிட்டுப் போனாரு. நாந்தான் எடுத்து வச்சிருக்கணும்." பழியைப் பாதி வாங்கிக்கொள்ளப் பார்த்தார். நான் கொடுக்கவில்லை.

மகள்தான் காலையில் எடுத்த படத்தைத் தேடிக் காட்டினாள். இடுப்பில் கை வைத்துப் பெரிய சாதனைக்காரிபோல் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். எட்டு இலக்கம் தெளிவாகத் தெரிகிறது. கடைசி இரண்டும் என் முழங்கைக்குப் பின்னால்.

"நூறு நம்பர்தானேம்மா, ஒவ்வொண்ணா கூப்பிட்டுப் பாக்கலாம்," என்றாள்.

கண்டுபிடித்துவிடுவேன் என்று அந்த அம்மாவின் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். வழி நெடுகச் செம்பனைத் தோட்டம். வீடு வரும்வரை கணவர் ஒரு கேலியும் பேசவில்லை.

மறுநாளிலிருந்து அலுவலகத்தில் மதிய இடைவேளையில் கூப்பிட ஆரம்பித்தேன். ஒரு மலாய்க்கார அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு இல்லை என்றார். ஒரு சீனர் கத்தினார். பல எண்கள் உயிரோடு இல்லை. மூன்றாவது வாரம் ஒரு ஆண் குரல், "ஹலோ, சியாப்பா?" என்று மலாயில் யார் என்று கேட்டது. நான் தமிழுக்கு மாறினேன். இல்லத்தையும் கட்டிலையும் சுவரையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். பின்னால் லோரி இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"சாப்பிடுறாங்களா?" என்று கேட்டார்.

"சாப்பிடுறாங்க."

"நம்பர் அழிஞ்சிருச்சுன்னு சொன்னீங்கல்ல?"

"என் தப்புதான். மன்னிச்சிடுங்க. இப்பவே திரும்ப எழுதி வைக்கச் சொல்றேன்."

"வேணாங்க்கா. அழிஞ்சது அழிஞ்சதாவே இருக்கட்டும்லா."

வைத்துவிட்டார். நாக்கைப் பிடுங்கிக்கொள்வதுபோல் நாலு வார்த்தை கேட்கலாம் என்று மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. தாய்க்கும் மகனுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் ஒருவரை வெறுப்பதும் முடியவில்லை, விடுவதும் முடியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை இல்லத்துக்குப் பேசினேன். அந்த அம்மா வந்து தொலைபேசியை வாங்கினார்.

"கெடச்சிச்சாம்மா?"

இல்லை என்றால் பயத்தோடு கிடப்பார். "கெடச்சிருச்சும்மா. என்கிட்ட பத்திரமா இருக்கு. வேணுங்கிறப்ப நானே கூப்பிடுறேன்," என்றேன்.

"பேசினானா?"

"லோரியில இருந்தாரு, ரொம்ப பேச முடியல. நீங்க சாப்பிடுறீங்களான்னு கேட்டாரு."

ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அந்த அம்மா தொலைபேசியிலிருந்து முகத்தைத் திருப்பிக் கூடமே கேட்கும்படி சொன்னார்: "என் மவன் நான் சாப்பிட்டேனான்னு கேட்டானாம்!" யாரோ கை தட்டினார்கள். நான் வீட்டுச் சமையலறையில் நின்று அழுதேன்.

இப்போது அந்தப் பத்து இலக்கமும் எனக்கு மனப்பாடம். குளிக்கும்போதும், ரயிலுக்கு நிற்கும்போதும் தானாக வாயில் வருகிறது. ஒருநாள் நான்தான் அதை அடிக்க வேண்டும். எடுப்பாரா என்று தெரியாது. கைப்பேசியில் இல்லத்து எண் தெரிந்தால், சாவுச் செய்தியோ என்றுதான் எடுக்கிறேன். இதுவரை வந்ததெல்லாம் அந்த அம்மாவின் அழைப்புதான்.

"சும்மாதாம்மா கூப்பிட்டேன். நம்பர் இருக்குல்ல?"

இருக்கிறது என்று சொல்கிறேன்.