சிவப்புக் கோட்டுக்குக் கீழே

ஒன்பது அலுவலகங்களுக்கு வரும் தபால் எல்லாம் இனி ஒரே அறையில் வந்து சேர வேண்டும் என்று எங்கள் வளாகத்தில் முடிவானபோது, அந்த அறைக்குக் கண்காணிப்பாளராக என்னைப் போட்டார்கள். போட்டவர்களுக்கு என்னைப் பற்றிச் சரியாகத் தெரியாது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். தெரிந்திருந்தால் பழைய கோப்புகள் கிடக்கும் அறைக்கு அனுப்பியிருப்பார்கள்.

ஜெனரேட்டருக்கும் கழிப்பறைக்கும் நடுவே இருந்தது எங்கள் அறை. வேலை என்னவோ எளிமையானதுதான். கையில் கொடுப்பது, அஞ்சலில் வருவது எதுவானாலும் பதிவேட்டில் ஒரு வரி, ஓர் எண், தாளின் தலையில் தேதி முத்திரை. பிறகு அந்தந்த அலுவலகத்து ஆட்கள் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போவார்கள். வெளியே போகும் தபாலையும் நாங்களே பதிந்து, ஒட்டி அனுப்புவோம். எல்லாவற்றையும் கணினியிலும் ஏற்றுவோம். ஆனால் தகராறு என்று வந்துவிட்டால் எல்லோரும் தேடி ஓடி வருவது அந்தத் தடித்த பதிவேட்டைத்தான்.

முதல் வாரத்திலேயே ஒன்றைக் கவனித்தேன். ஒவ்வொரு நாள் பதிவும் முடிகிற இடத்தில் இரண்டு வரி காலியாகக் கிடந்தது. என்னோடு வேலை செய்த அலுவலக உதவியாளரைக் கேட்டேன். என்னைவிட வயதில் மூத்தவர், அந்த வளாகத்தின் ஒவ்வொரு மூலையும் தெரிந்தவர்.

"அது பெரியவங்களுக்கு மேடம். இன்னிக்கி வர்றது நேத்தே வந்த மாரி ஆவணும்னா எடம் வேணுமில்ல?" என்றார். சாப்பாட்டில் உப்புக் குறைவு என்று சொல்கிற குரலில் சொன்னார்.

எனக்குக் காது வரைக்கும் சூடேறியது. அன்று மாலை, அலுவலகம் முடிகிற ஐந்தே முக்காலுக்கு அளவுகோலை எடுத்தேன். கடைசிப் பதிவை ஒட்டி, நூலிழை இடம்கூட விடாமல் சிவப்பு மையில் குறுக்கே ஒரு கோடு போட்டு, நேரம் எழுதிக் கையெழுத்திட்டேன். மறுநாளும் போட்டேன். பதினைந்து நாளில் "கோட்டம்மா" என்று எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். கேன்டீனில் டீ போடுகிறவர் வரைக்கும் அது பரவியது.

கோடு யாரையாவது தடுக்கும் என்று தெரியும். தடுத்தது. வளாகத்து அலுவலகங்களில் ஒன்றின் அதிகாரி, யாரோ வேண்டியவருடைய பதில் கடிதத்தோடு காலையில் வந்து நின்றார். முந்தைய நாளோடு கெடு முடிந்துபோன கடிதம்.

"நேத்து தேதியில ஒரு வரி இருக்கா பாருங்கம்மா."

"இல்லைங்க சார்."

"நீங்க நெனச்சா இருக்கும்."

"நான் நெனச்சுத்தான் சார் கோடு போட்டிருக்கேன்."

அவர் சிரித்துக்கொண்டே, "வெள்ளிமலையில ஒரு எடம் காலியா இருக்கு, தெரியுமில்ல?" என்றார். இந்தப் பக்கத்தில் அரசு ஊழியர்களைப் பயமுறுத்த அந்த ஊர்ப் பெயர் ஒன்றே போதும் என்பது அவர் நினைப்பு. மலைப்பாதை, எண்ணி விடுகிற பஸ், மழை வந்தால் அதுவும் இல்லை. "போறேங்க சார். அங்கயும் பதிவேடு இருக்கும்ல?" என்றேன். அவர் கொண்டுவந்த கடிதத்துக்கு அன்றைய தேதியையே முத்திரையிட்டேன்.

அதற்கு அடுத்த மழைக்காலத்தில்தான் மலையிலிருந்து ஒரு பெண் வந்தார்.

அன்றைக்கு வழக்கம்போல் கோடு போட்டு, பதிவேட்டை மூடி, பையைத் தோளில் மாட்டிவிட்டேன். சேலையின் கீழ்ப்பாதி முழுக்கச் சேறாக, மூச்சு வாங்கிக்கொண்டு வாசலில் அவர் நின்றார். வெள்ளிமலைக்கும் அந்தப் பக்கம் ஒரு சிற்றூர். அவர் சாமை விதைக்கிற நிலத்துக்குப் பட்டா கேட்ட மனுவைத் தள்ளுபடி செய்திருந்தார்கள். மேல்முறையீடு செய்ய அன்றுதான் கடைசி நாள். அன்று சேராவிட்டால் நிலத்தின் மேல் அவருக்குப் பேச்சே கிடையாது.

"மரம் வுயுந்து பஸ்ஸு நின்னுட்சிங்க. பாதி மல நடந்தே எறங்கி, ஜீப்பு புட்ச்சி வரேங்க" என்றார். பிளாஸ்டிக் பைக்குள் தாள் மட்டும் நனையாமல் இருந்தது.

சுவரில் மணி ஐந்து ஐம்பத்திரண்டு.

உதவியாளர் என்னைப் பார்த்தார். பதிவேட்டைத் திறந்தார். "கோட்டுக்கு மேல, கடைசி வரி ஓரத்துல நுணுக்கி எய்திடலாம் மேடம், நேரத்துக்குள்ள வந்த மாரி. பாவம், யாருக்குத் தெரியப் போவுது?"

என் கை பேனாவுக்குப் போனது. மறைப்பானேன், போனது. அந்த அதிகாரிக்கு இல்லை என்று சொன்ன இடத்தில் இவருக்கு இடம் செய்ய எனக்கு ஆசையாக இருந்தது. இது நல்ல பொய் என்று மனது சொன்னது. ஆனால் இரண்டு வரியை விட்டு வைத்தவனும் முதல் தடவை யாருக்காவது இரக்கப்பட்டுத்தான் விட்டிருப்பான் என்றும் தோன்றியது.

கோட்டுக்குக் கீழே எழுதினேன். அடுத்த எண். அதே தேதி. "மாலை 5.52. நேரில் தரப்பட்டது. மலைப்பாதையில் மரம் விழுந்ததால் தாமதம் எனத் தெரிவித்தார்." முத்திரையும் அன்றைய தேதிதான். ஒப்புகைச் சீட்டைக் கொடுத்தபோது அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது போதுங்களா?" என்றார். போதும் என்றேன். உள்ளுக்குள் எனக்கே அவ்வளவு உறுதி இல்லை.

மேல்முறையீடு போய்ச் சேர வேண்டிய அலுவலகம், வெள்ளிமலையைச் சொல்லிப் பயமுறுத்திய அதே அதிகாரியுடையது. மறுநாள் காலையில் தாளோடு இறங்கி வந்தார்.

"ஆபீஸ் நேரம் முடிஞ்சு வந்தது. இன்னிக்கித் தேதி போட்டுக் குடுங்க."

"தேதி ராத்திரி பன்னெண்டு மணிக்குத்தாங்க சார் மாறுது. நாம பூட்டுப் போட்டா மாறாது."

"அப்ப உங்க கோடு எதுக்கு?"

"வராத தபாலுக்கு, சார். இது வந்த தபால்."

"எனக்கு மட்டும் முடியாதுன்னீங்க?"

"உங்களது மறுநாள் வந்துச்சுங்க."

அறையில் இருந்தவர்கள் எல்லாம் திடீரென்று உறைகளைக் கவனமாக அடுக்க ஆரம்பித்தார்கள். அவர் தாளை எடுத்துக்கொண்டு போனார். நாலு நாள் கழித்து அவர் அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு மெமோ வந்தது. அலுவலக நேரத்துக்குப் பின் மனு வாங்கியது ஏன், மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும். மெமோவில் போட்டிருந்த தேதியோ நான்கு நாளுக்கு முந்தையது. கைக்கு வரும்போதே கெடு முடிந்திருந்தது. எல்லாத் தபாலையும் போல அதற்கும் எண் கொடுத்து, வந்த தேதியை முத்திரையிட்டு, நேரத்தையும் எழுதினேன். விளக்கத்தோடு, மனு வந்த நாளும் மெமோ வந்த நாளும் உள்ள பதிவேட்டுப் பக்கங்களை நகலெடுத்து மேலிடத்துக்கு அனுப்பினேன்.

மேலிடத்தில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒரு மாதம் போனது. வெளியே போகும் தபால்களில், அந்தச் சிற்றூரின் பெயர் போட்ட உறை ஒன்று என் மேசைக்கு வந்தது. மேல்முறையீடு ஏற்கப்பட்டது, விசாரணைக்கு வரவும் என்ற அறிவிப்பு. அதை வேறு யாரிடமும் கொடுக்காமல் நானே பதிந்து, நானே ஒட்டினேன். பசை கொஞ்சம் அதிகமாகவே போட்டேன்.

வெள்ளிமலை மாற்றல் வரும் என்று வளாகத்தில் இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். வரட்டும். அந்த உத்தரவும் இந்த அறை வழியாகத்தான் வந்தாக வேண்டும். வந்த தேதியை நான்தான் போடுவேன்.