பொரி தின்ற மீனும் என் ஒருசந்தியும்

மருமகள் ஜெராக்ஸ் கடை வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் நானும் அவளுடைய தங்கமீனும்தான். மகனுக்குச் சென்னையில் வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வருவான். கல்யாணமாகி வந்த அன்று அந்த மீனைத் தண்ணீர்ப் பையில் போட்டு, நகரியிலிருந்து பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். நகைப் பெட்டி எங்கே என்றுகூடக் கேட்கவில்லை.

நான் கிட்டப் போனால் அது தொட்டிக் கண்ணாடியில் முட்டி வாயைத் திறந்து திறந்து மூடும். நான் கரும்பு வெட்டப் போன காலத்தில் என் பிள்ளையும் வாசலில் நின்று அப்படித்தான் என் கையைப் பார்ப்பான். சில நாள் கை காலியாக இருக்கும். அது இருக்கட்டும். கோயில் குளத்து மீன்களுக்கு எத்தனையோ வருஷமாகப் பொரி போட்டிருக்கிறேன், ஒன்றும் ஆனதில்லை. அந்த நினைப்பில் இதற்கும் ஒரு கைப்பிடி போட்டேன்.

சாயங்காலம் வயிறு உப்பி, ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்தது.

“இன்னா மாமா குடுத்தீங்க?”

“பொரிதாம்மா. கொளத்துல போடுவமே, அதான்.”

“எவ்ளோ?”

கையைக் காட்டினேன். என்னுடையது பெரிய கை. அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அரக்கோணத்தில் மீன் விற்பவருக்குப் போன் போட்டாள். தண்ணீரில் கொஞ்சம் கல் உப்பு கரைக்க வேண்டுமாம், நிமிரும்வரை எதுவும் போடக் கூடாதாம், நிமிர்ந்தால் வேகவைத்த பட்டாணியைத் தோலுரித்துக் கொடுக்க வேண்டுமாம். பகலில் தண்ணீர் மாற்றும் வேலையை என்னிடமே ஒப்படைத்தாள். அது இன்னும் கூச்சமாக இருந்தது.

சாய்ந்து கிடந்தும் அந்த வாய் மட்டும் திறந்து மூடிக்கொண்டே இருந்தது. ஒரு உயிரைப் பட்டினி போட்டுப் பிழைக்கவைப்பதை நான் கேள்விப்பட்டதே இல்லை. மறுநாள் மாலை என் கை பொரி டப்பாவுக்குப் போனதை அவள் பார்த்துவிட்டாள்.

“நாளைக்கு கிருத்திகை. நீங்க ஒருசந்தி இருந்து ராத்திரி ஒரு வேளதானே சாப்புடுவீங்க? அதுவும் வெரதம் இருக்குதுன்னு நெனைச்சிக்குங்க மாமா.”

“அது நிமிர்ற வரைக்கும் நான் பச்சத் தண்ணிகூட பல்லுல படவிட மாட்டேம்மா.”

யார் கேட்டார்கள்? வாய் சொல்லிவிட்டது. அவள் கண் கலங்கியது.

மறுநாள் சாயங்காலம் மலைப் படியேறி முருகனிடமும் அதையே சொன்னேன். இறங்கிவந்தால் பஸ் ஸ்டாண்டு கடையில் எண்ணெயிலிருந்து போண்டா எடுத்துக்கொண்டிருந்தார்கள். திருப்பதி பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் ஊதி ஊதித் தின்றது. கால் நகரவில்லை. ஒன்று என்று ஆரம்பித்து நாலு தின்றேன். டீயும் குடித்தேன். துண்டால் வாயைத் துடைத்து, விபூதியை இன்னும் கொஞ்சம் பட்டையாகப் பூசிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அவளும் பக்கத்து வீட்டம்மாவும் தொட்டி முன்னால் நின்றிருந்தார்கள்.

“நிமிந்துகிச்சி மாமா! பாருங்க!”

“பின்ன நிமிராதா? மனுஷன் வாயக் கட்டிகினு மல ஏறி எறங்கிகினு வராரு,” என்றாள் பக்கத்து வீட்டம்மா. “எங்கூட்டுக்காரரும் கீறாரே, வெரதம்னா அன்னிக்குத்தான் ரெண்டு தோச சேத்து கேப்பாரு.”

அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மீன் பட்டாணியைக் கவ்வித் தின்றதைப் பார்த்த பிறகு எனக்கு இலை போட்டாள். சோறு, சாம்பார், வடை, பாயசம். போதும் என்று எப்படிச் சொல்வது? பட்டினி கிடந்தவன் போதும் என்பானா? வைத்ததையெல்லாம் தின்றேன். தின்று முடித்ததும் வயிறு உப்பி, ஒரு பக்கமாகப் பாயில் சாய்ந்துவிட்டேன்.

அவள் ஓமத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

“காலியா கெடந்த வயிறு மாமா, தாங்கல. அடுத்த கிருத்திகைக்கு நானும் உங்ககூட ஒருசந்தி இருக்கறேன். நீங்க மட்டும் தனியா கெடந்து கஷ்டப்படாதீங்க.”

“ஆங்,” என்றேன்.

எதிரே தொட்டியில் மீன் நேராக நின்று என்னைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடியது. நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.