பக்குரங்காவில் ஒரு பெர்னாண்டஸ்

1987 மே மாதம், ஒரு சனிக்கிழமை காலை நியூசிலாந்தின் ஆக்லாந்தில் இறங்கினேன். அழைத்துப்போக யாரும் வரவில்லை. நான் வருவதாகச் சொல்லவுமில்லை. சொன்னால் மகன் வேண்டாம் என்பான். சிங்கப்பூரிலிருக்கும் மகள்தான் முகவரி தந்தாள். "தம்பி இப்ப பர்னாந்து இல்லப்பா. பெர்னாண்டஸ்னு போட்டுக்கிடுதான்" என்றும் சொல்லியிருந்தாள்.

காரணம் நான்தான். தூத்துக்குடியில் அவன் ஓர் இந்துப் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்து அழைத்துவந்த அன்று, "இனிமே என் பேரப் போடாத" என்று தெருவே கேட்கக் கத்தினேன். கல்லூரியில் வரலாறு கற்பித்தவன் நான். சொல்லின் கனம் தெரிந்தே சொன்னேன். மன்னிப்புக் கேட்காமல் ஊர் திரும்புவதில்லை என்ற முடிவோடுதான் விமானம் ஏறினேன்.

மகன் குடியிருக்கும் பக்குரங்காவுக்கு விமான நிலையத்திலிருந்து இருபது கிலோமீட்டர் இருக்கும். டாக்சி ஓட்டியவர் சிலி நாட்டுக்காரர். ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே போனோம். என் பெயரைக் கேட்டதும் திரும்பிப் பார்த்தார்.

"பெர்னாந்தோவா? அது என் தம்பி பேராச்சே! அதெப்படிக் குடும்பப் பேராகும்?"

போர்த்துக்கீசியர் ஞானஸ்நானம் கொடுத்தபோது எங்கள் முன்னோருக்கு வைத்துவிட்டுப் போன பெயர் அது என்றேன். ஆங்கிலத்தில் பெர்னாண்டோ, எங்கள் வாயில் பர்னாந்து. எங்கள் கடற்கரையில் பாதிப் பேர் பர்னாந்துதான்.

"எங்க சாண்டியாகோவுல பஸ்ஸுக்கு நாலு பெர்னாண்டஸ் இருப்பான். டிரைவரும் பெர்னாண்டஸா இருப்பான்!" என்று சிரித்தார். "ஸ்பெயின்லயிருந்து வந்த பேரு. கடைசியில வர்ற 'எஸ்' இருக்கே, அதுக்கு மகன்னு அர்த்தம். பெர்னாண்டஸ்னா பெர்னாந்தோவோட மகன்."

நாம் இனிஷியல் போடுவதைத்தான் அவர்கள் வாலில் போடுகிறார்கள். வரலாறு படித்த எனக்கு இது தெரியாமல் போயிற்று. தமாக்கி ஆற்றுப் பாலத்தைக் கடக்கும்போது, மகன் என்னை விட்டுவிடவில்லை என்றே நம்பத் தொடங்கினேன்.

கதவைத் திறந்தவன் மகன்தான். பிடியை விடாமல் நின்றான். நான்தான் அவசரப்பட்டேன்.

"பெர்னாண்டஸ்னா என்ன அர்த்தம்னு தெரிஞ்சுதான் வச்சியாலே?"

"அர்த்தமா? வேலைக்குச் சேந்தப்ப ஒருத்தன் தப்பா எழுதிட்டான். நீங்கதான் உங்க பேரப் போடாதன்னு சொன்னியளே. திருத்தாம விட்டுட்டேன்."

வழியில் கிடைத்த சமாதானம் வாசலோடு போயிற்று. செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னேன்: "நான் அன்னைக்குப் பேசுனது பெரிய தப்புலே. என்ன மன்னிச்சிரு. அவகிட்டயும் கேக்கணும்."

"குளிருது, உள்ள வாங்க" என்றான். மருமகளிடமும் கேட்டேன். "சரி மாமா" என்று பெட்டியை வாங்கி வைத்தாள்.

மூன்று வாரம் தங்கினேன். ஒனிஹங்கா துறைமுகத்தையும் புக்கெகோஹியின் வெங்காய வயல்களையும் காட்டினான். பேச்சு பெரும்பாலும் மழையைப் பற்றியே இருந்தது. பதிலுக்கு நானும் அவசரப்படுத்தவில்லை.

திரும்பும் நாள் விமான நிலையத்தில் அருகருகே உட்கார்ந்திருந்தோம். என் டிக்கெட்டில் ஏதோ சரிபார்க்க வேண்டியிருந்தது போலும். ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல், "மிஸ்டர் பெர்னாண்டோ, கவுன்ட்டருக்கு வரவும்" என்று அழைத்தது.

நான் எழுவதற்குள், தன்னைக் கூப்பிட்டதுபோல அவன் எழுந்துவிட்டான்.