பூட்டிய வீட்டின் இருமல்

செசிலி முட்டத்துக்காரி. கடல் இரைச்சல் ஓயாத வீட்டில் பிறந்து, அந்த இரைச்சலுக்குள்ளேயே படித்து, நர்ஸ் பயிற்சி முடித்தவள். கீரிப்பாறைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்துக் குடியிருப்புக்குக் கிராம சுகாதார செவிலியராகப் போட்டார்கள். யானைக்கும் அட்டைக்கும்கூட அவள் அவ்வளவு பயப்படவில்லை. அங்கிருந்த அமைதிதான் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

புதன்கிழமைதோறும் தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு தோட்டத்து பஸ்ஸில் ஏறுவாள். அங்கன்வாடியின் ஒற்றை அறைதான் அவளுடைய ஆஸ்பத்திரி. எடை பார்ப்பது, ஊசி, சொறிக்குக் களிம்பு, பூச்சி மாத்திரை எல்லாம் அங்கேயே. டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மலை இறங்க வேண்டும். ரப்பர் பால்வெட்டு வேலையை விட்டுவிட்டு யார் இறங்குவார்கள்? அதனால் அங்கன்வாடிக்கு வராத பிள்ளைகளைத் தேடி அவளே வீடு வீடாகப் போவாள். அவளுக்கு முன்னால் பல வருஷம் அந்த வேலைக்கு ஆளே வரவில்லை.

ஆவணியில் ஒரு புதன். வெட்டுக்காரர்கள் எல்லாரும் மரங்களுக்கிடையே போயிருந்தார்கள். பகலிலும் மூடுபனி விலகவில்லை. எங்கோ ரப்பர் காய் வெடித்து, விதை ஓட்டுக்கூரையில் விழுந்து உருண்டது. கடைசி வரிசை வீடுகளில் பிள்ளை பெற்றிருந்த நந்தனாவைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போதுதான் செசிலி அந்த இருமலைக் கேட்டாள்.

சின்னப் பிள்ளையின் இருமல். நிறுத்தாமல், மூச்சுவிட இடமில்லாமல், அடுக்கடுக்காக வந்தது. கடைசியில் காற்றை உள்ளே இழுக்கும் நீண்ட ஒலி. கக்குவான் இருமல். செசிலிக்குச் சந்தேகமே இல்லை.

நந்தனாவின் வீட்டை ஒட்டிய, பூட்டிக்கிடந்த வீட்டுக்குள்ளிருந்து அது வந்தது.

அங்கன்வாடி டீச்சர் அஞ்சுவிடம் கேட்டாள். “ஏட்டி, அந்தக் கடைசி வீட்டுல ஆரு புதுசா வந்திருக்கா?”

அஞ்சு தராசைத் துடைப்பதை நிறுத்தினாள். “அங்க ஆரு இருக்கா சிஸ்டர்? செல்லபாய் அக்கா போனதுல இருந்து பூட்டித்தான கெடக்கு.”

“பிள்ள இருமுது. நான் கேட்டேன்.”

“அவங்களுக்க மோளு, சின்னப் பிள்ள, அந்த வீட்டுலதான் செத்துது. கக்குவான் வந்து.” அஞ்சு குரலைத் தாழ்த்தினாள். “நீங்க வாறதுக்கு முன்னால. இதை வேற ஆருகிட்டயும் சொல்லாதீங்க. ஒருத்தியும் இந்தப் பக்கம் பிள்ளயத் தூக்கிட்டு வரமாட்டா.”

யாரோ நோயாளிப் பிள்ளையை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்றுதான் செசிலி நினைத்தாள். வெளியூர்க்காரர்கள் அப்படிச் செய்வதை அவள் பார்த்திருக்கிறாள்.

அடுத்த புதன்கிழமை நேராக அங்கே போனாள். வாசலை நெருங்கும் முன்பே இருமல் தொடங்கிவிட்டது. பூட்டில் துரு ஏறியிருந்தது. ஜன்னல் பலகையின் இடுக்கில் கண்ணை வைத்தாள். தரை முழுக்க வௌவால் எச்சமும் தூசியும். அதில் ஒரு காலடிகூட இல்லை. இருமல் அவளுக்கு எதிரே, சுவரோரத்திலிருந்து வந்தது. அங்கே ஒன்றுமே இல்லை.

“ஏய், ஆரு அது?” என்றாள். தன் குரலே அவளுக்கு வேறு யாருடையதோ போலக் கேட்டது.

இருமல் பாதியில் நின்றது. உள்ளிழுக்கும் ஒலி வரவில்லை. அது வரும் என்று செசிலி காத்து நின்றாள். தன் மூச்சையும் பிடித்துக்கொண்டு நிற்பது அவளுக்கே பிறகுதான் தெரிந்தது. அந்த நிசப்தத்தில் பக்கத்து வீட்டு நினைவு வந்தது. நந்தனாவின் வீட்டிலிருந்தும் ஒரு சத்தமும் இல்லை.

கதவு ஒருக்களித்திருந்தது. நந்தனா ஓடைக்குத் துவைக்கப் போயிருந்தாள். தொட்டிலை விலக்கிப் பார்த்தபோது குழந்தையின் உதடு நாவல்பழ நிறத்தில் இருந்தது. நெஞ்சு அசையவில்லை. தொட்டில் கட்டியிருந்தது அந்தப் பூட்டிய வீட்டை ஒட்டிய சுவரோரம்.

செசிலி குழந்தையை வாரி எடுத்து உள்ளங்காலைச் சுண்டினாள், முதுகைத் தேய்த்தாள். அசைவில்லை. அதன் வாயையும் மூக்கையும் தன் வாயால் மூடி மெதுவாக ஊதினாள். மறுபடி ஊதினாள். குழந்தை விக்கி, மெல்ல முனகியது.

ஈரத்துணியோடு ஓடிவந்த நந்தனா, “என்ன சிஸ்டர்? நல்லா உறங்கிட்டுல்லா இருந்துது?” என்றாள்.

“பிள்ள இருமிச்சா மக்கா?”

“ஒரு தடவகூட இருமல்ல. ரெண்டு நாளா அழுது கரையக்கூட இல்ல. பாவம், உறக்கம்னு நெனச்சேன்.”

தோட்டத்து பஸ் டிரைவர் முருகதாஸ் வழியில் எங்கும் நிறுத்தாமல் இறக்கினார். வளைவுகளில் குழந்தையின் மூச்சு மறுபடி நின்றது. செசிலி மறுபடி ஊதினாள். போனில் அழைத்திருந்த ஆம்புலன்ஸ் கீழே காத்திருந்தது.

நாகர்கோவிலில் குழந்தைகள் டாக்டர் சோதித்துவிட்டு, கக்குவான்தான் என்றார். “இவ்வளவு சின்னக் குழந்தைக்குப் பல நேரம் இருமலே வராது சிஸ்டர். மூச்சு மட்டும் நின்னுடும். நீங்க எப்படிச் சந்தேகப்பட்டீங்க?”

“சத்தம் கேட்டு” என்று தொடங்கிய செசிலி, “பிள்ளகிட்டேருந்து சத்தமே இல்ல டாக்டர், அதான் உள்ள போய்ப் பாத்தேன்” என்று மாற்றிச் சொன்னாள்.

நந்தனாவின் கணவன் சஜினுக்குச் சில நாளாக இருமல் இருந்தது. அவனிடமிருந்துதான் தொற்றியிருக்க வேண்டும். ஆனால் பகலெல்லாம் அவன் மரங்களுக்கிடையே இருப்பவன். செசிலி கேட்டது பிள்ளையின் இருமல். சுகாதாரக் குழு மேலே வந்து அந்த வரிசை முழுவதற்கும் மருந்து கொடுத்தது. ஊசி விட்டுப்போன பிள்ளைகளுக்கு ஊசி போட்டார்கள். குழந்தை பிழைத்தது.

செசிலி பல நாள் உறங்கவில்லை. மாறுதல் கேட்கலாமா என்று யோசித்தாள். தான் போனால் அங்கே வேறு ஆள் எப்போது வருவார் என்று நினைத்ததும் அந்த யோசனையை விட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, குலசேகரம் பக்கம் அண்டி ஆபீஸ் என்று சொல்லும் முந்திரி ஆலையில் கொட்டை உடைக்கும் செல்லபாயைத் தேடிப் போனாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள்.

செல்லபாய் அழவில்லை. கறைபிடித்த விரல்களைப் பார்த்தபடி கேட்டாள்: “ஒங்களுக்குக் கேட்டுதா?”

“கேட்டுது அக்கா.”

“அவ போனபொறவு அந்தச் சுவருல காத வச்சு எத்தன நாளு கெடந்திருக்கேன் தெரியுமா? எனக்கு ஒண்ணுமே கேக்கல்ல. அதுனாலதான் வீட்ட விட்டே வந்தேன்.” விரல்களை முந்தானையில் துடைத்தாள். “அந்தப் பிள்ளய ஒண்ணு பாக்கலாமா?”

அடுத்த புதன்கிழமை இருவரும் ஒரே பஸ்ஸில் ஏறினார்கள். நந்தனா தயங்கினாள். பிறகு குழந்தையைச் செல்லபாயின் மடியில் வைத்தாள். செசிலி ஊசியை எடுத்தபோது செல்லபாய் அதன் தொடையை அசையாமல் பிடித்துக்கொண்டாள். ஊசி ஏறியதும் குழந்தை அந்த வரிசை முழுக்கக் கேட்கும்படி வீறிட்டு அழுதது.

“கரையட்டு, கரையட்டு” என்றாள் செல்லபாய்.