சலேஹாவின் கறுப்புப் பை

என் மனைவி நல்லம்மாளுக்குக் காய்ச்சல் வந்தால் மாத்திரை கொடுக்கலாம். எதிர்க்கடை சலேஹாவுக்குக் கூட்டம் வந்தால் இவளுக்கு வரும் எரிச்சலுக்கு மருந்தே கிடையாது. பினாங்கின் ஆயர் ஈத்தாம் சந்தையில் இருவருக்கும் சோற்றுக்கடை. இவள் சாம்பாரை யாராவது பாராட்டினால், "அங்கயும் சாப்பிட்டுப் பாத்தீங்களா?" என்று கேட்காமல் விடமாட்டாள்.

கோவிட் காலத்தில் வந்த வெள்ளம் ஆற்றோர வீடுகளை வாரிக்கொண்டு போனது. அந்தக் குடும்பங்களைப் பள்ளி மண்டபத்தில் தங்கவைத்தார்கள். தொற்றுப் பயத்தால் வெளியாட்கள் உள்ளே போக முடியாது. கொடுப்பதை வாசல் மேசையில் வைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். நல்லம்மாள் சாம்பார் சோறு கட்டிக் கொடுத்தாள். சும்மா சொல்லக்கூடாது, பிறருக்குப் போடுவதில் அவளுக்குக் கை தாராளம்.

மறுநாள் போனால், பெண்களுக்குக் கொடுத்த பொட்டலங்களில் பாதி பிரிக்காமலே வாசல் மேசைக்குத் திரும்பி வந்திருந்தன. மேசையைப் பார்த்துக்கொண்ட மண்டபத் தொண்டர் ஷாஹிராவோ எங்களைத் தாண்டித் தெருவை எட்டிப் பார்த்தாள்.

"சலேஹாக்கா வரலியா? உள்ள பொம்பளைங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க லா."

போதாதா? நல்லம்மாளுக்கு வயிறு எரிந்தது. அந்த நேரம் பார்த்து சலேஹா மோட்டார் சைக்கிளில் வந்து, இறுக்கி முடிந்த கறுப்புப் பைகளை மேசையில் அடுக்கினாள். "அண்ணே, யாரும் பிரிக்காம பாத்துக்குங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

"பிரியாணிதான். வாசம் வரக்கூடாதுன்னு கட்டியிருக்கா பாருங்க, கைகாரி!" என்று நல்லம்மாள் என் காதைக் கடித்தாள்.

ஷாஹிரா அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் இவள் ஒரு பையை முந்தானையில் மறைத்துக்கொண்டு வேனில் ஏறிவிட்டாள்.

"ஏய், இது திருட்டுடி!"

"ருசி பாக்குறது திருட்டா? ஓட்டுங்க பேசாம."

வீட்டுக்கு வந்ததும் கரண்டியோடு உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ஒரு நைட்டி, உள்பாவாடை, உள்ளாடை, ஊக்குகள், நாளிதழில் சுற்றிய நாப்கின். கரண்டியைக் கீழே வைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

தொலைபேசி அடித்தது. சலேஹாதான்.

"அக்கா, ஒரு பை கொறையுதாம், பாத்தீங்களா? உள்ள ஒரு பொண்ணு கறைபட்ட துணியோட மூலையிலயே ஒக்காந்திருக்காம். ஆம்பளைங்க நடுவுல எழுந்து பாத்ரூம் போகணுமேன்னு தண்ணிகூடக் குடிக்கல. சோறு எங்கக்கா எறங்கும்?"

நல்லம்மாள் பையைத் திரும்பக் கட்டி, செருப்புகூடப் போடாமல் வேனுக்கு ஓடினாள்.

பையை ஷாஹிரா உள்ளே கொண்டுபோனாள். நல்லம்மாள் வாசலை விட்டு நகரவில்லை. நெடுநேரம் கழித்து ஷாஹிரா சிரித்துக்கொண்டே வந்தாள்.

"அந்தப் பொண்ணு குளிச்சிட்டு வந்து சாப்பிட்டா, அக்கா. உங்க சாம்பார் சோறு இன்னொரு பொட்டலம் கேக்குறா."

வேறொரு நாளாக இருந்தால், இந்த ஒரு சொல்லைப் பினாங்கு முழுக்கச் சொல்லித் திரிந்திருப்பாள். அன்றைக்கு வேனில் ஏறி, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"என்னடி, உன் சோத்ததானே கேட்டா?"

"என் சோத்த அவள சாப்பிட வச்சது சலேஹாங்க. அவளுக்குத் தோணுனது எனக்கு ஏன் தோணல? நானும் பொம்பளதானே?"

வேனைக் கிளப்பினேன்.

"அந்தப் பையில பிரியாணியே இருந்திருக்கலாங்க. சமையல்ல மட்டும் தோத்திருப்பேன்" என்றாள்.