ஜுஷின் பக்கம்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான். ஆனாலும் வட்டக்கோட்டை பக்கத்தில் எந்தப் படகின் வயர்லெஸ் படுத்துக்கொண்டாலும் என் கடைக்குத்தான் வந்தாக வேண்டும். ஜப்பான் பெட்டி என்றால் எழுத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன்: ஸோஷின் என்றால் அனுப்புவது, ஜுஷின் என்றால் வாங்குவது. ஒன்பது வயதில், ஒரே மத்தியானத்தில் படித்த படிப்பு அது.

கப்பல் வேலையிலிருந்து திரும்பிய மாமா இரண்டு பழைய பெட்டிகளைக் கொண்டுவந்து, ஒன்றை அப்பாவின் படகிலும் மற்றதை எங்கள் வீட்டிலும் வைத்தார். சேதி கிடைத்ததும் 'ரியோகாய்' என்று சொல்ல வேண்டும், அதுதான் ஜப்பான் மரியாதை என்று அப்பாவுக்குப் பாடமும் எடுத்தார். அந்த வாரமே அம்மாவோடு சண்டை போட்டுக் கடலுக்குப் போன அப்பா, மற்றப் படகுகள் திரும்பியும் திரும்பவில்லை. வீட்டுக்கு வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

மாமா வீட்டுப் பெட்டியின் விசையை ஒரு பக்கமாகத் தட்டினார். "ஜுஷின்ல போட்டாச்சு. மச்சான் சத்தம் இப்பம் வரும் பாரு."

வெகுநேரமாகியும் வரவில்லை.

"பொட்டி செத்துப் போச்சு, அண்ணே," என்றாள் அம்மா. செத்த பெட்டிதானே என்ற துணிச்சலில் அதன் முன்னால் உட்கார்ந்தாள். "ஏதோ கோவத்துல சொல்லிட்டேன். நீங்க இல்லாம எனக்குச் சோறு எறங்கல்ல. வந்து தொலையுங்க."

அவள் பேசப் பேசப் பெட்டியின் முள் துள்ளியது.

"மாமா, நம்ம சத்தத்துக்குல்லா முள்ளு ஆடுது! இது எப்பிடிக் கேக்குத பக்கம் ஆவும்?"

"ஏட்டி, கப்பல்ல பன்னெண்டு வருசம் கெடந்தது நீயா, நானா?"

நான் விசையை மறுபக்கம் தள்ளினேன். விசையின் இருபக்கமும் இருந்த ஜப்பான் சொற்கள் இரண்டுக்கும் கடைசி எழுத்து ஒன்றே. முதல் எழுத்தில்தான் மாமா ஏமாந்திருந்தார். கரகரவென்று இரைச்சல், படகு ஆட்களின் சிரிப்பு, அதற்கு மேலாக அப்பாவின் குரல்: "ரியோகாய்!"

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அடுக்களைக்கு ஓடினாள். பெட்டி பேசியதற்கு இவளுக்கென்ன வெட்கம் என்று நினைத்தேன்.

பொழுது சாய்வதற்குள் படகு கரையேறியது. என் கை பட்டுத்தான் அப்பா திரும்பினார் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். மாமாவுக்குத் தெரியாததைக் கண்டுபிடித்தவள் அல்லவா! நான் கைவைப்பதற்கு முன்பே சேதி போய்ச் சேர்ந்துவிட்டது என்பதும், மாமாவின் அந்தத் தப்புத்தான் அப்பாவை அழைத்துவந்தது என்பதும் அப்போது எனக்கு உறைக்கவில்லை.